பூட்டியிருந்த பள்ளிக்கூடம்

கருவேலங்குப்பம்,
நாகப்பட்டினம் வழி,
27-11-1977

அக்கா,

நான் வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே தந்திக் கம்பங்களை இன்னும் நிமிர்த்தவில்லை. தபால் ஆபீசுக்குக் கூரை இல்லை. நிவாரண லாரியில் திருத்துறைப்பூண்டி போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்து அங்கே போடச் சொல்கிறேன்.

ஜெயக்கொடி இறந்துவிட்டாள். ஆனி உயிரோடு இருக்கிறாள். இந்த இரண்டையும் முதலில் எழுதிவிட்டால் மற்றதை எழுத முடியும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் உன் வீட்டிலிருந்து புறப்பட்டவன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் இங்கே வந்தேன். திருச்சிப் பக்கம் வெள்ளம் என்றார்கள். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை என்று மாறி மாறி வந்தேன். திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் பஸ் இல்லை, நடந்தேன். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. வயல்களில் மாடுகள் ஊதிக் கிடந்தன. ஒரு மைல் இருக்கும்போதே ஊர் தெரிந்தது. முன்பெல்லாம் அப்படித் தெரியாது, தோப்பும் வீடுகளும் மறைக்கும். பள்ளிக்கூடம் மட்டும் நின்றது.

ஊரில் மச்சுக் கட்டடம் என்று இருப்பது நான் தலைமையாசிரியராக இருக்கும் அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். நீ வந்ததில்லை, உனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே காற்று எழும்பியிருக்கிறது. விடிவதற்கு முன்னால் கடல் ஊருக்குள் ஏற ஆரம்பித்ததும் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறார்கள். முன்னால் ஓடியவள் ஜெயக்கொடி. வாத்தியார் வீட்டுக்காரி, திறந்துவிடுவாள் என்று மற்றவர்கள் அவள் பின்னால். சாவி அவளிடம் இல்லை. மதிய உணவுக் கோதுமை உள்ளே இருந்ததால் போன மாதம்தான் பெரிய பூட்டாக வாங்கி மாட்டியிருந்தேன். மதுரையிலிருந்து தந்தி வந்த அவசரத்தில் சாவியைச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அவர்கள் கருங்கல்லால் பூட்டை இடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சட்டை மதுரையில் உன் வீட்டு ஆணியில் தொங்கியது.

பூட்டு உடையவில்லை. மொத்தம் முப்பத்தொரு பேர் போய்விட்டார்கள். ஜெயக்கொடியைக் கால் மைல் தள்ளி உப்பங்கழியில் எடுத்திருக்கிறார்கள். நான் வந்ததற்கு முதல் நாளே புதைத்தாகிவிட்டது. அவளுடைய அம்மா மலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாக்காததே நல்லது மாப்புள" என்றாள்.

ஆனி பள்ளிக்கூடத்துக்குள் இருந்தாள், இன்னும் ஆறு குழந்தைகளோடு. பெஞ்சுகளின் மேல் நின்றிருக்கிறார்கள். எப்படி உள்ளே போனாள் என்பதை எழுத இப்போது எனக்கு வராது. அவள் பேசுவதில்லை.

நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். "அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படவும்" என்று தந்தி. நான் அடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அம்மா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேற்று மதத்துப் பெண், மீன்காரர் வீட்டுப் பெண் என்று என் கல்யாணத்துக்கு வராதவர்கள் நீங்கள். பேத்திக்கு அம்மாவின் பெயரையே வைத்தேன், அதற்கும் ஒரு கார்டு போடவில்லை. ஐந்து வருஷம் கழித்து எதற்காக அந்தப் பொய்? யார் கொடுத்த தந்தி அது?

இங்கே இப்படி ஆகப்போகிறது என்று ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் அன்றைக்கே நடந்தாவது வந்திருப்பேன்.

இன்னாசிமுத்து

----

இயேசு மரி சூசை துணை

காளவாசல்,
மதுரை,
6-12-1977

அன்புள்ள தம்பி முத்துவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். மேலே திருநாமங்களைக்கூட நீ எழுதவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முழுதும் படித்துக் காட்டவில்லை. ஜெயக்கொடி போய்விட்டாள் என்று மட்டும் சொன்னேன். செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவளுக்காகப் பூசை வைக்கச் சொன்னாள். "ஞானஸ்நானம் வாங்காத பொண்ணுக்கான்னு சாமியார் கேப்பாரும்மா" என்றேன். "பேரைச் சொல்லாத. எம் மருமகளுக்குன்னு சொல்லு" என்றாள். ஐந்து வருஷத்தில் அவள் வாயில் அந்தச் சொல் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

தந்தி கொடுத்தது நான்தான், எதற்கென்று உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் இடம் காலி என்று எங்கள் ஸ்கூலில் பேச்சு வந்தது. நான் போய்ச் சாமியாரைப் பார்த்தேன். "ஆளை நேரில் பார்க்க வேண்டும், சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள்" என்றார். அவர் ஒன்று கேட்டார், உன் மனைவி ஞானஸ்நானம் வாங்கி, கல்யாணத்தைக் கோவிலில் முறைப்படுத்த வேண்டும் என்று. இதையெல்லாம் நான் எழுதியிருந்தால் நீ வந்திருப்பாயா? முன்பு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் நீ பதிலே போடவில்லை. உங்கள் மூன்று பேரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு ஒரு பொய் பெரிதாகத் தெரியவில்லை.

நீ என்னைக் கேட்டாய், நான் சொல்லிவிட்டேன். இனி நான் கேட்கிறேன்.

தனியாக வா என்று தந்தியில் எழுதியிருந்தேனா? வெள்ளிக்கிழமை காபி குடிக்கும்போது நீயேதான் சொன்னாய். "அவளும் வாரேன்னுதான் நின்னா. புள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் நிக்கிற இடம் வரைக்கும் வந்தா. நாந்தான் வேணாம்னுட்டேன். இங்க வந்து வாசல்ல நிக்க வைப்பீக" என்றாய். வாசலில் நிற்க வைத்திருப்போமா, உள்ளே கூப்பிட்டிருப்போமா, அது எனக்கே தெரியாது. ஆனால் அதைப் பார்க்க நீ எங்களுக்கு இடம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நீதான் சட்டைக்கு இஸ்திரி போட்டாய். நீதான் கிளம்பிப் போனாய். நான் பிடித்துத் தள்ளவில்லை. ஜெயக்கொடி சம்மதிப்பாள் என்று சாமியாரிடம் நீ சொல்லியிருக்கிறாய். அவர் என்னிடம் சொன்னார். அவளைக் கேட்டுவிட்டா சொன்னாய்?

சாவி உன் சட்டைப்பையில் இருந்தது, என்னிடம் இல்லை. இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. முப்பத்தொரு பேரையும் என் தலையில் கட்டிவிட்டு நீ நிமிர்ந்து நடக்கலாம் என்று பார்க்காதே.

ஆனியை இங்கே அனுப்பு. முகாமில் எத்தனை நாள் வைத்திருப்பாய்? நீ கொண்டுவர முடியாவிட்டால் நான் வாரேன்.

உன் அக்கா,
பாக்கியமேரி

----

கருவேலங்குப்பம்,
19-12-1977

அக்கா,

நீ வர வேண்டாம்.

சாவியைப் பற்றி எழுதியிருந்தாய். இந்த ஊரில் இதுவரை ஒருவரும் அதை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. கருத்தக்கண்ணன் என்று ஒருவர். மனைவியையும் இரண்டு மகள்களையும் பறிகொடுத்தவர். சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது எனக்குப் பின்னால் நின்றார். "வாத்தியாரே, தொறந்தே கெடந்திருந்தாலும் ஊருச் சனம் அத்தினி பேரும் அதுல நிக்கவா முடியும், வுடுங்க" என்றார். என்னைத் தேற்றுகிறார். அன்று மத்தியானம் நான் டேப் வைத்துக் கூடத்தை அளந்து பார்த்தேன். நிற்க முடியும். எல்லோரும் நிற்கலாம், இன்னும் நாற்பது பேருக்கு இடம் இருக்கும். அவரிடம் சொல்லவில்லை.

நான் நிமிர்ந்து நடப்பதாக நினைக்கிறாயே, இங்கே வந்தால் தெரியும். ஆனாலும் நீ வர வேண்டாம்.

அம்மா அவளை மருமகள் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். யார் சொல்லியும் அவள் காதில் விழாத நேரம் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். பூசையெல்லாம் வைக்க வேண்டாம். அவள் கேட்கவில்லை.

ஆனியை அனுப்ப மாட்டேன்.

இன்னாசிமுத்து

----

கருவேலங்குப்பம்,
24-1-1978

அக்கா,

நாலு நாளைக்கு முன்னால் ஆனியை உன் வீட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி யாரும் ஒரு பிள்ளையை விடமாட்டார்கள். நீ ஸ்கூலுக்குப் போயிருந்தாய். அம்மா "உள்ள வாடா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். பஸ் மூன்று மணி நேரம் கழித்துத்தான். ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன்.

அனுப்ப மாட்டேன் என்று எழுதியவன் ஏன் கொண்டுவந்தான் என்று நீ கேட்பாய். பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. நான் பாடம் நடத்த வேண்டும். ஆனி அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். தூக்கிக்கொண்டு போனால் உடம்பு விறைத்து வாந்தி எடுக்கிறாள். வெளியில் விட்டால் வெயிலில் நின்றுகொண்டு ஜன்னலையே பார்க்கிறாள். மலையம்மாள் இடுப்பு ஒடிந்து கொட்டகையில் படுத்திருக்கிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவளால் ஆகாது. வேறு வழி இருந்திருந்தால் உன்னிடம் வந்திருக்க மாட்டேன். இதை நன்றாகத் தெரிந்துகொள்.

ஜெயக்கொடியின் பெயரை அவள் முன்னால் மறைக்கக்கூடாது. என் கையெழுத்து இல்லாமல் ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது. அந்த வேலையைப் பற்றி இனி பேச்சே வேண்டாம். கம்பி வைத்த ஜன்னல் பக்கம் அவளைப் படுக்க வைக்காதே. ஏன் என்று கேட்காதே.

பருப்பு சாப்பிட மாட்டாள். மீன் கிடைத்தால் முள் எடுத்துக் கொடு.

இன்னாசிமுத்து

----

இயேசு மரி சூசை துணை

காளவாசல்,
மதுரை,
20-4-1978

அன்புள்ள முத்துவுக்கு,

மூன்று மாதமாக நான் எழுதிய கார்டு எதற்கும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இதற்காவது எழுதுவாய் என்று நினைக்கிறேன். ஆனி பேசிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் கூட வேலை பார்க்கும் டீச்சர் வீட்டில் ஒரு விசேஷம் என்று திருப்பரங்குன்றம் போயிருந்தோம். நானும் அம்மாவும் ஆனியும். திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. நல்ல காற்று. ஒரு பாத்திரக்கடை வாசலில் ஒதுங்கினோம். ஞாயிற்றுக்கிழமையானதால் கடையைப் பாதி சாத்தியிருந்தார்கள். இழுத்து மூடுகிற கம்பிக் கதவு, ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் திறந்திருந்தது. கடைக்காரர் "பிள்ளையையும் பெரியவகளையும் உள்ள அனுப்புங்கம்மா" என்றார். உள்ளே அண்டாவும் குடமுமாக இருந்தது, அவர்கள் இரண்டு பேருக்குமே இடம் சரியாக இருந்தது. நான் வெளியில் சுவரோடு ஒண்டி நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் ஆனி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "நீயும் உள்ள வா" என்றாள். அவள் குரலை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். எனக்குச் சட்டென்று புரியவில்லை. "நீயும் உள்ள வா. அம்மா வரல. அம்மா வெளியவே நின்னுச்சு. நீயும் உள்ள வா." சொன்னதையே சொல்லிக்கொண்டு கம்பியை ஆட்டினாள். கடைக்காரர் எழுந்து இரண்டு அண்டாவைத் தூக்கி மழையில் வைத்துவிட்டு எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஜன்னலில் ஒரு ஓட்டை இருந்ததாம். அம்மா அதன் வழியாக அவளை உள்ளே தள்ளியதாம். முட்டியில் கம்பி கிழித்ததாம். தழும்பைக் காட்டினாள். "பெஞ்சு மேல ஏறு, அதுக்கு மேல ஏறு" என்று அம்மா வெளியே நின்று சொன்னதாம். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்ததாம். அப்புறம் ஒரு பெரிய கட்டை வந்ததாம், அம்மா கை இல்லையாம்.

நாலு வயசுப் பிள்ளை இதைச் சொன்னபோது நம் அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சொல்லி முடிந்ததும் ஆனியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் புள்ள எப்படி இருப்பா? செவப்பா, கறுப்பா?" என்று கேட்டாள். நானும் பார்த்ததில்லையே.

இதெல்லாம் உனக்குத் தெரியும்தானே? தெரிந்துகொண்டே எப்படி உள்ளே போனாள் என்பதை நீ எழுதவில்லை. தெரியாமல் நான் அந்தப் பிள்ளையைக் கம்பிக் கதவுக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றிருக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தை அவளிடம் காட்டிவிட்டாய்.

ஒரு போட்டோ இருந்தால் அனுப்பு. அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

பாக்கியமேரி

----

கருவேலங்குப்பம்,
2-5-1978

அக்கா,

தெரியும். சுவரேறி மேல்மச்சுக்குப் போன ஆண்கள் மலையம்மாளைக் கயிற்றில் இழுத்துவிட்டிருந்தார்கள். அவள் மேலிருந்து பார்த்தாள்.

தெற்கு ஜன்னலில் ஒரு கம்பி துருப்பிடித்துக் கழன்று விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. இடைவேளையில் சின்னப் பிள்ளைகள் அதன் வழியாக நுழைந்து விளையாடும். மாற்ற வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மாற்றவில்லை. நான் செய்யாமல் விட்ட அந்த ஒரு வேலையால்தான் ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவர்கள் தோள்கூட அதில் நுழையாது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆனியை அவள் முதலில் தள்ளவில்லை. கருத்தக்கண்ணனுடைய கடைசிப் பையனைத்தான் முதலில். பிறகு இன்னும் மூன்று பேர். யார் கைநீட்டிக் கொடுத்தார்களோ அவர்களை. ஆனி ஐந்தாவது. பிறகும் இரண்டு பேர். தண்ணீர் மார்புக்கு வந்தபோது அவளையும் மேலே வரச் சொல்லி ஆண்கள் கயிறு விட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற பிள்ளைகள் பெஞ்சின் மேல் சரியாக ஏறவில்லை என்று அங்கேயே நின்று சத்தம் போட்டிருக்கிறாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவள் ஒருநாள்கூடப் படித்தவள் இல்லை.

அவளை ஞானஸ்நானம் வாங்க வைக்கிறேன் என்று அன்று காலை பத்து மணிக்கு நான் வாக்குக் கொடுத்தேன். நீ எழுதியது சரிதான், அவளைக் கேட்கவில்லை. அப்போது அவளை உப்பங்கழிக்கு அடித்துக்கொண்டு போய் நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும்.

போட்டோ கிடையாது. இருந்த ஒன்றும் வீட்டோடு போய்விட்டது. அம்மாவிடம் சொல், கறுப்பு. நல்ல கறுப்பு. அம்மாவைவிட உயரம்.

இன்னாசிமுத்து

----

இயேசு மரி சூசை துணை

காளவாசல்,
மதுரை,
10-9-1978

அன்புள்ள தம்பிக்கு,

ஆனியை ஜூனில் எங்கள் ஸ்கூலிலேயே சேர்த்துவிட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார மாட்டாள், மற்றபடி நன்றாக இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து நொண்டி விளையாடுகிறாள். மழை பெய்தால் ஓடி வந்து அம்மா மடியில் படுத்துக்கொள்கிறாள், தூங்கியும் போகிறாள். அவள் இப்போது எங்களைப் போலவே "அம்புட்டுத்தான்", "இம்புட்டுத்தான்" என்று பேசுகிறாள். கேட்டால் உனக்குக் கோபம் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதமாக என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் திருத்தவும் இல்லை. எனக்கு நாற்பது வயதாகிறது, முத்து. நீ வீட்டை விட்டுப் போன வருஷம்தான் எனக்குக் கடைசியாக ஒரு வரன் வந்தது. தம்பி இப்படிச் செய்துவிட்டான் என்று அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை. திருத்தாததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

செபமாலை மாதா திருநாளுக்கு முன்னால் ஆனிக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா தினமும் கேட்கிறாள். தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். தாளை உள்ளே வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு. பிள்ளைக்கு ஒரு கதி வேண்டாமா?

போன வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் சொன்னதை உன்னிடமும் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நீ டீ குடித்துவிட்டு வாரேன் என்று வெளியே போயிருந்தாய். அம்மா அடுப்படியில் இருந்தாள். ஆறரை மணிச் செய்தி போட்டேன். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் விடியற்காலையில் புயல் கரையைக் கடக்கும், தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் பத்திரமான கட்டடங்களுக்குப் போக வேண்டும் என்றார்கள். நான் ரேடியோவை அணைத்துவிட்டேன். நீ திரும்பி வந்தபோது என்ன செய்தி என்று கேட்டாய். ஒண்ணும் விசேஷமில்ல என்றேன். சொன்னால் உடனே கிளம்பிவிடுவாய், பத்து மணிக்குச் சாமியாரைப் பார்க்க மாட்டாய், அந்த இடம் போய்விடும் என்று நினைத்தேன். புயல் என்று வருஷா வருஷம் சொல்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

தெரிந்திருந்தால் நடந்தாவது வந்திருப்பேன் என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியை நான் ஒன்பது மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன்னைச் சாவியைச் சொல்லிக் குத்தினேனே, அது இதை மறைக்கத்தான்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தாளில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு.

பாக்கியமேரி

----

கருவேலங்குப்பம்,
2-10-1978

அக்கா,

தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் காளவாசலில் கருப்பு அண்ணன் கடையில் நின்றிருந்தேன். அங்கேயும் ரேடியோ இருந்தது. அதே ஆறரை மணிச் செய்தி. கருப்பு அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "தம்பி, ஒங்க ஊருப் பக்கம்ல சொல்றான்" என்றார். "ஆமாண்ணே, வருஷா வருஷம் சொல்றதுதான்" என்றேன். நீ நினைத்த அதே வார்த்தை. நான் அதை வாய்விட்டே சொன்னேன். அவர் இன்னும் கடை வைத்திருந்தால் கேட்டுப் பார்.

ஏழரைக்குத் தஞ்சாவூர் பஸ் இருந்தது. ஏறியிருந்தாலும் விடிவதற்குள் வந்து சேர்ந்திருக்க முடியாது. பத்து மாதமாக இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஏறாததற்குக் காரணம் அது இல்லை. அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. ஐந்து வருஷம் உப்புக் காற்றில் இருந்து எனக்குச் சலித்துவிட்டது, அக்கா. உங்கள் முன்னால் வீறாப்பாகப் பேசினேன், உள்ளே வேண்டும் வேண்டும் என்றுதான் இருந்தது.

அது மட்டும் என்றால்கூட உன்னைப் போல நானும் ஒருவன் என்று இருந்துவிடலாம். பத்திரமான கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று ரேடியோவில் சொன்னபோது என் கை சட்டைப்பைக்குப் போனது. சாவி இருந்தது. அந்த நிமிஷமே எல்லாம் தெரிந்துவிட்டது. ஊரில் வேறு கட்டடம் இல்லை. பூட்டு பெரியது. எங்கள் ஊரிலிருந்து அரை மைலில் ஒரு தபால் ஆபீஸ், அதற்குப் போன் உண்டு, போஸ்ட்மாஸ்டர் அங்கேயேதான் குடியிருந்தார். அங்கே ஒரு ட்ரங்க் கால் போட்டு, காற்று வலுக்கும் முன் ஆள் அனுப்பிப் பூட்டை உடைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் இருந்தது. கையில் கிளாஸோடு நின்று யோசித்தேன். பூட்டை உடைத்தால் கோதுமை போய்விடும், புயல் வராமல் போனால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், புது வேலைக்குப் போகிற நேரத்தில் அது ஒரு கறுப்புப் புள்ளியாகும். இம்புட்டையும் யோசித்துவிட்டு டீயைக் குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து செய்தி என்ன என்று உன்னைக் கேட்டேன். உனக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் கேட்டேன். ஒண்ணும் விசேஷமில்ல என்று நீ சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தெரிந்தால் நீ போகச் சொல்வாய் என்று பயந்தேன். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா இன்னொரு கரண்டி சோறு போட வந்தாள். நான் தட்டை நீட்டினேன்.

நடந்தாவது வந்திருப்பேன் என்று எழுதியது பொய். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு உன்னை இத்தனை நாள் வதைத்தேன். நீ ஒப்புக்கொண்டுவிட்டாய், நான் இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன். இதனால் நமக்குள் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. உன்னைப் பார்த்தால் எனக்கு அந்தச் சாப்பாடு ஞாபகம் வரும். என்னைப் பார்த்தால் உனக்கும் வரும். நான் அங்கே வர மாட்டேன்.

கருத்தக்கண்ணனிடம் போன வாரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலை கோத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு வலையை மடக்கி வைத்து, "எம்மவன் ஒங்ககிட்டத்தான் படிக்கிறான். நாளையிலேர்ந்து அனுப்ப மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். அனுப்பவில்லை. அப்புறம் இன்னும் நான்கு பேர் அனுப்பவில்லை. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து சொல்கிறார்கள். நான் எழுதவில்லை. மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். மலையம்மாளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன். அவள் இன்னும் என்னை மாப்புள என்றுதான் கூப்பிடுகிறாள், அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

ஆனி உன்னிடமே இருக்கட்டும். மழை பெய்யும்போது தூங்குகிறாள் என்று எழுதியிருந்தாய். இங்கே இருந்த வரை அவள் தூங்கியதில்லை. உன்னை அம்மா என்று கூப்பிடுவதைத் திருத்த வேண்டாம். ஜெயக்கொடி யார் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டே இரு. ஆனி ஐந்தாவதாகத்தான் தள்ளப்பட்டாள் என்பதையும் வளர்ந்த பிறகு சொல். அதில் அவள் வருத்தப்பட ஒன்றுமில்லை.

கையெழுத்து ஏன் போடவில்லை என்றால், ஒருத்தியைக் கேட்காமல் ஒருமுறை வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்னொருத்திக்காகக் கொடுக்க மாட்டேன். வேண்டுமா வேண்டாமா என்று அவளே வளர்ந்து சொல்லட்டும். அம்மாவுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அந்தத் தண்ணீரில் நின்றதிலிருந்து அவளுக்கு இடது காதில் அடிக்கடி சீழ் பிடிக்கும். குளிக்க வைக்கும்போது பஞ்சு வை.

இனி நீ எனக்கு எழுத வேண்டாம். ஆனிக்கு எழுத்து வந்ததும் அவள் எழுதட்டும். அவள் என்ன கேட்டாலும் பதில் எழுதுவேன்.

இன்னாசிமுத்து